சந்தனம் அடைத்த துளை

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் கட்டுகஸ்தோட்டையில் ரேடியோக் கடை போட்டேன், ஹந்தானைத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு ஒலிபெருக்கி செய்தேன், ஊரே கைவிட்ட அச்சு இயந்திரத்தையும் ஓட வைத்தேன்.

அதனால்தான் கண்டி முதலாளி ஒருவர் தன் சிறிய விமானத்தைப் பார்க்க என்னைக் கடுகண்ணாவை வழியாகக் கீழே விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார். தானாக ஓட்டும் ஓட்டோபைலட்டில் விட்டால் அது ஒரே உயரத்தில் நிற்காமல் ஏறி இறங்கி ஆடியது. ஓட்டோபைலட் பெட்டியை இரண்டு தடவை மாற்றியிருந்த யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர் சிரித்தார்.

"ரேடியோ திருத்துறவருக்கு இஞ்ச என்ன வேலை, ஐயா?"

நான் வயரைத் தொடவில்லை; விமானத்தைச் சுற்றி நடந்தேன். வால்பக்கத்தில், ஆயுதபூசைக்கு வைத்த சந்தனம் ஒரு சிறு துளையைப் பாதி அடைத்துக் காய்ந்திருந்தது. அந்தத் துளைவழி வரும் காற்றழுத்தத்தை வைத்துத்தான் ஓட்டோபைலட் உயரத்தை அறியும்; அழுத்தம் தாமதித்து வந்ததால் அது மிஞ்சி ஏறி, மிஞ்சி இறங்கியது.

"பொட்டு வச்சது யாரு?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "நான்தாங்க அண்ணே. லொறிக்கு வைக்கிற மாதிரியே வச்சிட்டேன்."

துளையைச் சுத்தம் செய்து, சோதித்து, பறக்கவிட்டார்கள். ஆட்டம் நின்றது.

விமானத்தின் பதிவுப் புத்தகத்திலோ 'பெட்டி சரிசெய்யப்பட்டது' என்று பொறியியலாளர் எழுதி வைத்திருக்கிறார். பெட்டியில் பழுதே இல்லை. பழுதைக் கண்டுபிடித்தவன் நான். அதை அந்தப் பக்கத்திலேயே திருத்தி எழுத வேண்டும். எழுதும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.