பாட்டுக்கு நடுவே ஓர் இழுப்பு

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பாட்டின் நடுவே வருகிற மூச்சிரைப்பை, கம்ப்யூட்டரில் தயாரித்த சத்தம் என்று நம்பி, இரண்டு வாரம் கண்ணாடி முன் நின்று பழகி, பள்ளி ஆண்டு விழாவில் செய்துகாட்டி, பரிசாக ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸும் வாங்கியவன் நான். அதில் அம்மா இன்றும் கடுகு போட்டு வைத்திருக்கிறாள். தாளிக்கும்போதெல்லாம் என் வெற்றி வெடிக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. ராஜபாளையத்தில் அந்தப் பாட்டு ஓடாத ஷேர் ஆட்டோ கிடையாது. அடிப்படை என்னவோ முளைப்பாரிக்குப் பெண்கள் கும்மி கொட்டிப் பாடுகிற பாட்டுதான். அதற்கு அடியில் டிரம்ஸைப் போட்டு இடித்து, மேலே எலெக்ட்ரிக் கிடாரை இழுத்து, நடுவில் ஒரு பையன் தமிழா இங்கிலீஷா என்று பிரிக்க முடியாத வேகத்தில் எதையோ ஒப்பித்துவிட்டுப் போவான். “பிளவக்கல்லுத் தண்ணி வந்து பெரியகம்மா நெறையுதடி” என்று, அணைத் தண்ணீர் வந்து கண்மாய் நிறைவதைப் பாடிக்கொண்டே ஒரு பெண்குரல் மேலே ஏறும். ஏறின இடத்தில் ‘ஹ்ஹீக்’ என்று ஓர் இழுப்பு. அப்புறம்தான் அடி இறங்கும். அந்த இழுப்புக்காகவே ஊர் காத்துக்கிடந்தது. இதெல்லாம் ஒரு பாட்டா என்று முகம் சுளித்தவர்களின் கால்களும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

எங்கள் வீட்டில் மட்டும் தடை. டிவியில் அது தொடங்கியதும் அப்பா ரிமோட்டைத் தேடிப் பாய்வார். “காட்டுக்கத்தல். இந்த டமுக்குடப்பா எல்லாம் நம்ம வீட்டுல கூடாது, ஆமா.” ஒருநாள் நான் சோபாவில் ஏறி ஆடியதற்கு, என் டேப்லெட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். வீட்டிலும் அதே வேலைதான் பார்த்தார்.

அப்படிப்பட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கையும் களவுமாகப் பிடித்தேன். காயப்போட்ட போர்வைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றிருந்தார். போர்வைக்குக் கீழே பாதம் மட்டும் தெரிந்தது; கட்டைவிரல் தாளம் போட்டது. ஒரு காதில் இயர்போன், மற்றது சட்டைமேல் தொங்கியது. பூனைபோல் போய்க் காதை நீட்டினேன். அதே பாட்டு. இழுப்பு வந்ததும் அவர் பாட்டைப் பின்னால் தள்ளி அந்த இடத்தை மறுபடி கேட்டார். பிறகு இன்னொரு தடவை. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பாவும் நம் கட்சி. வெளியே சொல்ல வெட்கம்!

பாடியது அப்பாவின் அக்கா என்பதை அம்மா எனக்குப் பதினாறு வயதில்தான் சொன்னாள். அதுவரை அப்படி ஓர் அத்தை இருப்பதே தெரியாது. எனக்குப் பெயர் வைத்தபோது, அத்தை காதில் சொல்ல வேண்டிய பெயரை ஒரு தூரத்துச் சொந்தக்காரி சொல்லிவிட்டுப் போனாளாம்.

அத்தைக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு. மூச்சு முட்டும்போதெல்லாம் தாத்தாதான் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடுவாராம். அந்த மூச்சை வைத்துக்கொண்டே அவள் முளைப்பாரிக்கு முன்பாட்டுப் பாடுவாள். பின்பாட்டுக்காரிகள் அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை கைகளை அந்தரத்தில் நிறுத்திக் காத்திருப்பார்கள். பிறகு ஒரு கச்சேரிக் குழுவில் ரிதம் பேட் வாசித்த ஒருவரோடு போய்விட்டாள். தாத்தா, செத்தவர்களுக்குச் செய்வதுபோல, கிணற்றடியில் உட்கார்ந்து தலைமுழுகினார். அவளோடு பேச்சு வைத்துக்கொள்கிற எவனும் இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம் என்றார். நாங்கள் குடியிருந்ததோ அந்த வீட்டில்தான். டிவி இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் தாத்தாவின் கட்டில். அப்பா ரிமோட்டுக்குப் பாய்ந்தது பாட்டுப் பிடிக்காமல் அல்ல, பயத்தில்.

இது எதுவும் தெரியாத நான், டேப்லெட்டுக்குப் பழிவாங்கத் திட்டம் போட்டேன்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் தாத்தாவை ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலுக்கு அழைத்துப்போவது வழக்கம். அப்பா வண்டி ஓட்டுவார், பக்கத்தில் தாத்தா, பின்னால் நானும் அம்மாவும். பென்டிரைவில் பாசுரம் ஓடும். அன்று காலை அந்தப் பென்டிரைவைக் கழற்றி டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். அப்பாவின் போனைக் காரின் புளூடூத்தோடு இணைத்தேன். வழியெல்லாம் அந்தப் போன் என் கையில்தான் இருக்கும். கம்பெனியிலிருந்து கூப்பிட்டால், “அப்பா வண்டி ஓட்டுதாக” என்று சொல்கிற உத்தியோகம் எனக்கு.

பஞ்சு மார்க்கெட் நெரிசலைத் தாண்டியதும் தாத்தா, “பாசுரத்தப் போடுலே” என்றார்.

போட்டேன்.

டிரம்ஸ் இடித்ததில் கதவுக் கண்ணாடி அதிர்ந்தது. அப்பாவின் கழுத்து விறைத்தது. “ஏலே, அமத்துலே! அமத்துன்னு சொல்லுதேன்ல!”

“பட்டன் வேலை செய்யலப்பா” என்று சொல்லிவிட்டுப் போனைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அப்பா ஒரு கையால் காரின் திரையைத் தட்டினார். தட்டியதில் சத்தம் இன்னும் கூடியது. பெண்குரல் ஏறியது. ஆண்டு விழாவில் கைதட்டு வாங்கிய திமிரில், சரியான இடத்தில், நானும் அதோடு சேர்ந்து ‘ஹ்ஹீக்’ என்று இழுத்தேன்.

தாத்தா திரும்பினார். என்னைப் பார்க்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் பார்த்தது எனக்குப் பின்னால் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை. பிறகு மெதுவாக முன்னால் திரும்பி, திரையைத் தட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார்.

“ரோட்டப் பாரு.”

பாட்டு முழுதாக ஓடியது. இன்னும் இரண்டு இடத்தில் இழுப்பு வந்தது. நான் சேரவில்லை. அம்மா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். பாட்டு நின்றபிறகு ஏசி சத்தம் மட்டும் மிஞ்சியது. ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார் வளாகம் வந்தது.

வெளியே பார்த்தபடி தாத்தா கேட்டார்: “அவளுக்கு இன்னும் இழுப்பு நிக்கலியா?”

எவளுக்கு என்று அப்பா திருப்பிக் கேட்டிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும் என்றும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் நாங்கள் சாயங்காலம் அதே வீட்டுக்குத் திரும்புவதில் சந்தேகமே இருந்திருக்காது. முன்னால் ஒரு பால்வண்டி போய்க்கொண்டிருந்தது. அதை முந்த இடமிருந்தும் முந்தாமல், அப்பா கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே போனார்.

“இல்லப்பா. பனிக்காலத்துல வருது. இன்ஹேலர் வச்சிருக்கா.”

 தாத்தா கோவிலுக்கு வாங்கிய துளசிமாலைப் பையை மடியில் இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். அப்பாவின் காதோரம் வேர்வை இறங்கியது. என் திட்டம் பலித்துவிட்டது, அப்பா மாட்டிக்கொண்டார் என்பதுவரை எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு திட்டுகூட விழவில்லையே என்று பெரிய ஏமாற்றம். அதோடு, குத்துப்பாட்டுக் கேட்டதற்கும் யாருக்கோ வருகிற இழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்பது பிடிபடவில்லை. முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினேன்.

“யாருக்குத் தாத்தா இழுப்பு?”

“வாய மூடிட்டு வாலே” என்றார் தாத்தா.