தணிகைவேல் இறங்காத ஸ்டேஷன்

தணிகைவேல் முப்பத்துநான்கு வருடம் ரயில் ஓட்டியவர். பெரும்பாலும் கூட்ஸ்தான். கூட்ஸ் டிரைவருக்கு ஓட்டுவதைவிட நிற்பதுதான் அதிக வேலை. பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறதென்றால் கூட்ஸை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். ஒரு மணி நேரமோ நாலு மணி நேரமோ, சிக்னல் விழும்வரை இஞ்சினை விட்டு இறங்கக் கூடாது.

பாகாலாவுக்கும் சித்தூருக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் அப்படி நின்றதற்குக் கணக்கே இல்லை. பிளாட்பாரத்துக்கு எதிரே ஓட்டுக் கட்டடம் ஒன்று. முதலில் பூட்டிக் கிடந்த கடலைக்காய் குடோனாக இருந்தது. பிறகு யாரோ ஓடு மாற்றினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். டிராக்டரில் மண் குதிரைகள் வந்து இறங்கின. கிராமக் கலைக்கூடம் என்று தெலுங்கில் பலகை ஏறியது. எல்லாவற்றையும் இஞ்சின் ஜன்னலிலிருந்தே பார்த்தவர், ஒருநாளும் உள்ளே போனதில்லை.

ரிட்டையர் ஆன மறு வருஷம், கார்த்திகை மாத மழையில், திடீரென்று அங்கே போக வேண்டும் என்றார்.

"இப்டி ஊத்திக்கினு இருக்குது, இன்னிக்கேவா?" என்றாள் அவர் மனைவி யசோதா.

"இந்த மழைல வண்டி ஓட்டலியா நானு? கெளம்பு."

திருப்பதியில் காட்பாடி பாசஞ்சர் ஏறினார்கள். சந்திரகிரி தாண்டியதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வளைவு வருமுன்பே உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ஹாரன் அடிக்க வேண்டிய இடம் வந்தால் கை தானாகத் தூக்கிக்கொண்டது. எதிர் சீட்டுப் பெண் பார்த்துச் சிரிக்க, யசோதா அவர் கையைப் பிடித்து மடியில் வைத்தாள்.

இருவருக்குள் பழைய வருத்தம் ஒன்று உண்டு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள் பிரீத்தி. யசோதாவின் தாய்வீடு குடிபாலா. வலி எடுத்ததும் சித்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சிக்கலான பிரசவம். அவர் எங்கே, அவர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தணிகைவேல் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்திருந்தார்கள். "எங்க இருந்த?" என்று கேட்டதற்கு, "லூப்புல நின்னுக்கினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அவள் காதில் அது சாக்காகத்தான் விழுந்தது. அதன் பிறகு வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், "லூப்புல நின்னவருதானே நீ" என்பதில்தான் முடியும்.

ஸ்டேஷனில் அவர்கள் இருவர் மட்டுமே இறங்கினார்கள். கலைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரேகா, குடையோடு வாசலுக்கு வந்து, "ரண்டி, ரண்டி" என்று அழைத்தாள். இவர்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். அவள் அம்மாவுக்குச் சொந்த ஊர் நகரி, அங்கே தமிழ்தானாம்.

கரண்ட் இல்லை. ரேகா செல்போன் வெளிச்சம் காட்ட, சுவரோரமாக மண் குதிரைகள், ஏர் பிடிக்கிறவன், நாற்று நடுகிற பெண்கள். கடைசி மேசையில் ஒரு கூட்ஸ் வண்டி, அதுவும் சுட்ட மண்தான். இஞ்சின் ஜன்னலில் மோவாயில் கை வைத்தபடி ஒரு டிரைவர்.

"இது எங்க ஊர் குயவர் வீட்டம்மா செஞ்சது. அவங்க கொல்லை ரயில் லைன் பக்கத்துலதான். எல்லா டிரைவரும் இப்டியேதான் குந்தியிருப்பாங்களாம், அண்ணா."

தணிகைவேல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யசோதா பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"பிரீத்தி பொறந்தப்ப இங்கதான் நின்னேன்."

"இந்த ஸ்டேஷனா?"

"இதேதான். ஸ்டேஷன் மாஸ்டர் மழைல ஓடியாந்து, 'ஆடபில்ல புட்டிந்தி', பொண்ணு பொறந்துட்டான்னாரு. சித்தூர் பதினஞ்சு கிலோமீட்டர். நடந்தாகூட மூணு மணி நேரம். வேற டிரைவர் குடுங்கன்னேன், ஆளில்லன்னுட்டாரு. ஒரு கால வெளிய வச்சிட்டேன் யசோதா. பின்னால நாப்பது பொட்டி. உட்டுட்டு எப்டி வர்றது? அஞ்சு மணி நேரம் இந்தக் கூரையப் பாத்துக்கினே குந்தியிருந்தேன்."

"இத்தினி வருசமா இத சொல்லலியே நீ."

"நீ கேக்கல. எனக்கும் சொல்ல வரல."

யசோதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழை ஈரமா, வேறா என்று ரேகாவுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் வெளியே தரை அதிர்ந்தது. கூட்ஸ் ஒன்று மெல்ல வந்து லூப்பில் நின்றது.

"இது எத்தினி நேரம் நிக்கும்?" என்றாள் யசோதா.

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "ரெண்டு வண்டி தாண்டணும். ஒன்றர மணி நேரம் வச்சிக்க."

"ரேகா, டீத்தூள் இருக்குதாம்மா?"

ரேகாவின் அடுப்பில் டீ கொதித்தது. யசோதா அதைச் சொம்பில் ஊற்றி, இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு, குடையோடு தானே நடந்தாள். தணிகைவேல் பின்னாலேயே போனார். இஞ்சின் பிளாட்பார முனையில் நின்றது. சின்ன வயசு டிரைவரும் அசிஸ்டெண்டும் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

"சூடா குடிங்கப்பா. எங்க வூட்டுக்காரரும் இதே வேலதான் பாத்தாரு" என்று யசோதா டம்ளரை மேலே நீட்டினாள்.

"காலைலேர்ந்து ஒண்ணும் துன்னலம்மா" என்றான் அசிஸ்டெண்ட். ரேகா ஓடிப்போய் பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்தாள். டிரைவரும் தணிகைவேலும் அதற்குள் பிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சிக்னல் விழுந்து வண்டி கிளம்பும்வரை யசோதா குடையை அவர் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயங்கால பாசஞ்சர் ஒரு மணி நேரம் தாமதம். ஏறியதும் யசோதா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும், "இங்க நின்னிருக்கியா?" என்று கேட்டாள். அவர் சொன்னார். ஒரு ஸ்டேஷனில் இஞ்சினுக்குள் பாம்பு ஏறிய கதை, இன்னொன்றில் தீபாவளியன்று தயிர் சாதம் தின்ற கதை. திருப்பதி வந்து வண்டி நின்ற பிறகும் ஒரு கதை பாதியில் இருந்தது. கூட்டம் இறங்கிப் போகட்டும் என்று, அது முடியும்வரை இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.