சண்டியருக்குத் தீனி இறங்கவில்லை

அன்று காலையில் சேவல் ஹாஜராவின் புருஷனை அடிக்கவில்லை. அரைப்பதை நிறுத்திவிட்டு அவள் முற்றத்தையே பார்த்தாள்.

கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் கடைசி வீட்டில் கறி மசாலா அரைத்து விற்றுக்கொண்டிருந்தவள் ஹாஜரா. கடையநல்லூரிலிருந்து கப்பலேறி மலாய்ச் சீமைக்கு வந்தவள். விடிந்ததிலிருந்து அம்மிக்கு முன்னால்தான் இருப்பாள். மிளகாய்க் காரம் விரல்களில் ஊறி, எத்தனை முறை கழுவினாலும் போகாது. புருஷன் ஷேக் அலாவுதீன் பசாரில், அதாவது சந்தையில், கோழி அறுப்பவன். இந்தக் கதையில் அவனுக்கு 'அவன்' போதும். மரியாதையைச் சேவலுக்குக் கொடுத்துவிடலாம். ஊரே அதற்குச் சண்டியர் என்று பெயர் வைத்திருந்தது.

அலாவுதீனுக்குப் பிறவியிலேயே கோபம். பசாரில் நாளெல்லாம் கத்தியும் கையுமாக நின்று, சட்டை முழுக்க ரத்தத்தோடு வீட்டுக்கு வருவான். அத்தனை அறுத்தும் கை அடங்கியிருக்காது. மிச்சத்தை ஹாஜரா வாங்கிக்கொள்வாள். அகப்பையால் அடிப்பான், இடுப்பில் கட்டும் பச்சை வாரை உருவி அடிப்பான், ஒன்றும் கிடைக்காவிட்டால் வெறுங்கையால் அடிப்பான். கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷம் ஒரு அறையில் அவளுடைய இடது காது கேட்பது நின்றுவிட்டது. குழம்பில் உப்பு கூடிவிட்டதாம். அதற்கு ஒரு காது.

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம் யாரோ ஒரு மலாய்க்காரர் பசாருக்கு ஒரு சிவப்புச் சேவலைக் கொண்டுவந்தார். போட்டிக்கு வளர்த்தது, அடங்க மாட்டேன் என்கிறது, அறுத்துக் கொடு என்றார். அலாவுதீன் சிறகைக் காலால் மிதித்துக்கொண்டு குனிந்தான். கத்தி கழுத்துக்கு வருவதற்குள் சேவல் ஒரு முறுக்கு முறுக்கி எழும்பிவிட்டது. கால் முள் நேராக அவனுடைய இடது கண்ணுக்குள் இறங்கியது. அவன் போட்ட கூச்சலில் மீன் பக்கத்து ஆட்களெல்லாம் ஓடிவந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றைக் கண்ணோடு திரும்பினான். பக்கத்துக் கடைக்காரன் அந்தச் சேவலைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருந்தான், அவன் கையாலேயே அறுத்து ஆற்றிக்கொள்ளட்டும் என்று. அலாவுதீன் கத்தியோடு போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கினான். சேவல் மறுபடியும் முகத்துக்கே பாய்ந்தது. அவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். அதை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"என்னைய இதுவரைக்கும் ஒருத்தனும் திருப்பி அடிச்சதில்ல, ஏளா. இவன் அடிச்சிட்டான் பாரு!" என்றான் பெருமையாக.

அதைத் திருப்பி அடிக்காதவளிடம் சொன்னான். அவள் வலது காதால் கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் அவன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முற்றத்துப் பஞ்சாரத்தைத் திறப்பான். சண்டியர் புறப்பட்டு வருவார். அவன் உதைப்பான், அவர் கொத்துவார். அவன் கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டுவான், அவர் எகிறி முழங்கையைக் கிழிப்பார். ரத்தம் பார்த்த பிறகுதான் இரண்டு பேரும் விலகுவார்கள். அதற்கப்புறம் அலாவுதீன் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, பூனைக்குட்டி மாதிரி பசாருக்குப் போவான். மாலையில் வந்தாலும் அப்படியே இருப்பான். வார் இடுப்பிலேயே இருந்தது. கொஞ்ச நாள் போனதும், கடைசியாக எப்போது அடி வாங்கினோம் என்று ஹாஜராவுக்கே நினைவில்லை.

அவள் சண்டியருக்குத் தினமும் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுடைய கணுக்காலிலும் அவர் கொத்திய தழும்புகள் இருந்தன. பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் தன் முதுகுக்கு வேலியாக நிற்பது எது என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது அந்த வேலி சாய்ந்துகொண்டிருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, கோழிக்கு அது கிழட்டு வயது. சண்டியர் பஞ்சாரத்துக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கொண்டை கறுத்திருந்தது. கழுத்துக்குக் கீழே தீனிப்பை கொட்டாங்கச்சி மாதிரி கெட்டியாகப் புடைத்திருந்தது. அலகைத் திறந்தால் புளித்த கள் நாற்றம். பின்னால் பச்சைத் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது.

"சண்டியருக்குச் சாக்கிட், ஒடம்புக்கு முடியல, ஏளா. போட்ட தீனி இறங்கல" என்றான் அலாவுதீன்.

வைத்தியம் தொடங்கியது. தேங்காயெண்ணெயைச் சூடாக்கி ஆற்றி, சொட்டுச் சொட்டாகத் தொண்டைக்குள் விட்டான். ஓமத்தண்ணி கொடுத்தான். மடியில் போட்டுக்கொண்டு தீனிப்பையை இரண்டு விரலால் மெல்ல மெல்லப் பிசைந்தான். தலைகீழாகப் பிடித்துப் புளித்த தண்ணீரை வடித்தான். "என் ராசா, இறங்கிரும்லா, கொஞ்சம் பொறு" என்று கொஞ்சினான். அம்மிக்கு முன்னாலிருந்து ஹாஜரா பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கை இப்படியும் தொடுமா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளை ஒரு நாளாவது இப்படித் தொட்டதுண்டா? மிளகாயை நசுக்கிய நசுக்கில் அம்மி ஆடியது.

தீனி இறங்கவில்லை. காலைச் சண்டையும் இல்லை. அலாவுதீனுக்குள் பழைய கோபம் நாளுக்கு நாள் ஏறியது. பானையை உதைத்தான், வாசலில் போன தயிர்க்காரனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். ஒரு மத்தியானம் பொறாமையில், பின்னால் வருவதை நினைக்காமல் ஹாஜரா வாயைத் திறந்தாள்.

"அது படுற பாட்டைப் பாக்க முடியல. அறுத்துருங்களேன்."

எண்ணெய்க் கிண்ணம் பறந்து வந்து சுவரில் மோதியது. அடுத்த நிமிஷம் அவன் அவளுக்கு முன்னால் நின்றான். கை ஓங்கியிருந்தது. அந்தக் கையை அவள் மறந்திருந்தாள், உடம்பு மறக்கவில்லை. தோள் தானாகக் காதுக்கு ஏறியது. ஆனால் இந்தத் தடவை அவள் மடியில் அம்மிக் குழவி இருந்தது. மசாலா வழிய அதை இரண்டு கையாலும் தூக்கிவிட்டாள்.

"போட்டுருவேன். சத்தியமாப் போட்டுருவேன்."

அவன் ஓங்கிய கையால் தூணைக் குத்தினான். தோல் கிழிந்தது. வெளியே போய்விட்டான். ஹாஜரா குழவியைக் கீழே வைத்தாள். இன்றைக்குக் குழவி கையில் இருந்தது, நாளைக்கு இருக்குமா? சேவல் செத்தால் தன் கதி என்ன என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. மடத்தனந்தான். ஒரு கிழட்டுச் சேவலின் குடலில் ஒரு பெண்ணின் முதுகு தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதுதான் அவளுடைய வாழ்க்கையாக இருந்தது.

மறுநாள் அவள் மசாலா கொடுக்கப் பசாருக்குப் போயிருந்தபோது இன்னொரு கூத்து. காவடிக் கம்பில் சோறு சுமந்து விற்கும் அப்துல் ஹமீது கோழி வாங்க வந்திருந்தான். வாய் சும்மா இருக்காது அவனுக்கு.

"என்ன வே, சண்டியர் இழுத்துக்கிட்டுக் கெடக்காராமே? உயிரு இருக்கும்போதே அறுத்துரும் வே. தானாச் செத்தா ஹராமு. கோழி அறுக்கிறவன் வீட்டுலேயே கோழி செத்துக் கெடந்தா, நாளைக்கு உம்ம கையில எவன் கோழியக் குடுப்பான்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேணும்னா எங்கிட்டக் குடும், பருப்புத் தால்ச்சாவுல போட்டு வேகவச்சிப் பாக்குறேன்" என்றான்.

அலாவுதீன் கையில் அப்போதுதான் அறுத்த கோழி ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அதன் காலைப் பிடித்து அப்படியே ஹமீது முகத்தில் அறைந்தான். ரத்தம் நாலு பக்கமும் தெறித்தது. இன்னொரு அறை. மூன்றாவதுக்குக் கோழியைப் போட்டுவிட்டு முஷ்டியால் குத்தினான். ஹமீது இறகுக் கூடைமேல் மல்லாந்து, இரண்டு பல்லைத் துப்பினான். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. எழுந்த வேகத்தில் காவடிக் கம்பை உருவி வீசினான். அது அலாவுதீனின் வலது மணிக்கட்டில் விழுந்த சத்தம் ஹாஜராவுக்குத் தெளிவாகக் கேட்டது. நாலு பேர் சேர்ந்துதான் அவர்களைப் பிரிக்க முடிந்தது.

மணிக்கட்டு வீங்கி, அறுக்கிற வேலை நின்றது. அவன் முற்றத்தில் சண்டியரோடு உட்கார்ந்திருந்தான். இருவருமே மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டியரின் தலை மண்ணைத் தொட்டது.

"ஏளா" என்றான். "ஊசி நூலு எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"தீனிப்பையக் கிழிச்சி உள்ள இருக்கிறதை எடுத்துட்டு, தச்சிரலாம். ஆயிரம் கோழி வயித்தைக் கிழிச்சிருக்கேன். எங்க எது இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"அதெல்லாம் செத்த கோழி."

"தெரியும்." தலையைக் குனிந்துகொண்டான். "ஊசி கோக்க எனக்குக் கண்ணு பத்தாது. நீதான் தைக்கணும்."

அந்தக் கண்ணை எடுத்ததே சண்டியர்தான். ஹாஜராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. புளியும் எண்ணெயும் போட்டு விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். காரம் போனதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தாள். மஞ்சள் அரைத்தாள், உப்புத் தண்ணீர் காய்ச்சினாள், ஊசியை நெருப்பில் காட்டினாள்.

பலகையில் சண்டியரை மல்லாத்தி, காலையும் சிறகையும் துணியால் கட்டினார்கள். தீனிப்பைமேல் இருந்த இறகை ஹாஜரா பிடுங்கினாள். அலாவுதீன் கத்தியை எடுத்தான்.

கத்தி கைக்கு வந்ததும், இத்தனை வருஷப் பழக்கம், நாக்கு தானாகப் புரண்டது.

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்."

அறுக்கிறபோது சொல்லும் சொல். அதைச் சொன்ன பிறகு நின்று அவன் கைக்குப் பழக்கமே இல்லை. இடது கை தலையைப் பின்னுக்கு வளைத்தது, கட்டைவிரல் நரம்பைத் தேடிக்கொண்டது, கத்தி தீனிப்பையை விட்டுக் கழுத்துக்கு ஏறியது. அவன் கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. பசாரில் நிற்கிறவன் மாதிரியே இருந்தான்.

ஹாஜரா கத்தியைப் பிடித்தாள். பிடியை அல்ல, வாயை. உள்ளங்கையில் குறுக்காக இறங்கியது. அவள் விடவில்லை. ரத்தம் சண்டியரின் கழுத்தில் வழிந்தது. அது சேவலின் ரத்தம் என்று நினைத்து அலாவுதீன் "யா அல்லாஹ்!" என்று அலறினான்.

"என் ரத்தந்தான். கத்தாதீங்க."

"சொல்லிட்டேனே, ஏளா... அல்லா பேரைச் சொல்லிட்டேனே. சொன்னதுக்கப்புறம் அறுக்காம விடலாமா?"

"பிஸ்மில்லா சொல்லித்தான சோறு திங்கிறோம்? அதைக் கொல்றதுக்கு மட்டுந்தான் சொல்லணும்னு யாரு சொன்னா? சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். கீழ அறுங்க."

அவன் கீழே அறுத்தான். தோல், அதற்கடியில் பை. சண்டியர் ஒரு தடவை பலகையோடு துள்ளினார். உள்ளேயிருந்து புளித்த அரிசியோடு கயிறாகத் திரண்ட ஒரு உருண்டை வந்தது. கோணிச்சாக்கு நார். கிழவருக்குக் குளிருமே என்று அலாவுதீன்தான் பஞ்சாரத்தில் பழைய மிளகாய்ச் சாக்கை விரித்திருந்தான். பத்து வருஷம் உதைத்ததில் சாகாத சேவலை, இரக்கப்பட்டுப் போட்ட சாக்கு கொல்லப் பார்த்தது. அவன் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

"அழுதது போதும்லா. புடிங்க" என்றாள் ஹாஜரா. உப்புத் தண்ணீரால் கழுவி, முதலில் பையை, பிறகு தோலைத் தைத்தாள். உள்ளங்கைக்குச் சுற்றிய துணி நனைந்து ஊசி வழுக்கியது. மஞ்சளை அப்பினாள். அதே மஞ்சளைத் தன் கையிலும் அப்பிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்திருந்தாள்.

கஞ்சித்தண்ணி, பிறகு குழைந்த சோறு, பிறகு ஊறவைத்த அரிசி. சண்டியர் எழுந்து நின்றார். நடந்தார். ஆனால் பஞ்சாரத்தைத் திறந்தால் அலாவுதீனைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். அவன் துண்டைச் சுற்றிய கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, சோர்ந்துபோய் பசாருக்குப் போவான். ஹாஜரா குழவியைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. அவன் துண்டுகூடச் சுற்றாமல், குனிந்து சோற்றை வைத்தான். சண்டியர் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு எகிறினார். கால் முள் கன்னத்தைக் காதுவரைக்கும் கிழித்தது. மிச்சமிருந்த கண்ணுக்கு ஒரு விரல்கடைதான் தப்பியது.

"அடிச்சிட்டான்! ஏளா, அடிச்சிட்டான்டி!" முகமெல்லாம் ரத்தமாக அலாவுதீன் வாசலுக்கு ஓடினான். எதிரே சோற்றுக் காவடியோடு வந்த அப்துல் ஹமீதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இரண்டு பல் இல்லாத வாயைத் திறந்தபடி ஹமீது, இது அணைப்பா அடியா என்று புரியாமல் நின்றான்.

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவனை ஹாஜரா நிறுத்தினாள். கன்னத்தைத் துடைக்கத் துணி கொடுப்பாள் என்று நினைத்தான். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். குறுக்கே தடித்த தழும்பு, மசாலா ஏறிச் சிவந்திருந்தது.

"சண்டியரு கெழடு. இன்னைக்குப் பொழச்சிட்டாரு, இன்னொரு நாளு போயிருவாரு. அவரு போனதுக்கப்புறம் உங்க கை என் பக்கம் வரும்."

"ஏளா, நான்..."

"வரட்டும். கத்தியவே புடிச்ச கை இது. வெறுங்கையப் புடிக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

அவன் ஒற்றைக் கண்ணால் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தானே ஒரு துணியைத் தேடி எடுத்துக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு பசாருக்குப் போனான்.

ஹாஜரா முற்றத்துக்குப் போனாள். சண்டியர் அவளுடைய கணுக்காலையும் ஒரு கொத்துக் கொத்தினார். "போதும்யா" என்று அவரைக் காலால் தள்ளிவிட்டாள். தன் முதுகுக்கு வேலி என்று எப்போதும் போடும் அந்த ஒரு பிடி கூடுதல் அரிசியை அன்றைக்கு அவள் போடவில்லை.