தேர்வுக்குழுவுக்குப் பசி

நெனித்தா பஞ்சித் நூடுல்ஸ் கிளறத் தொடங்கினால், இலோய்லோ துறைமுகத்தை விட்டுப் போன கப்பல் வாசனைக்கே திரும்பி வரும். சரி, கப்பல் கொஞ்சம் அதிகம்தான். ஒரு படகு திரும்பி வந்தது. அதுவும் மழைக்குப் பயந்து.

முட்டைக்கோஸை அவள் சும்மா நறுக்குவதில்லை. "வாடியம்மா லூர்தெஸ், போன வருஷம் பிரமோஷன் வாங்கினவ நீதானே?" என்று ஒரு வெட்டு. "ராமில், நீயும் வா. பாடம் நடத்த எங்கிட்டதானடா கத்துக்கிட்ட?" என்று இன்னொன்று. எல்லாரும் அவளுக்குப் பின்னால் பள்ளியில் சேர்ந்து, அவளுக்கு முன்னால் முதுநிலை ஆசிரியர் ஆனவர்கள்.

நெனித்தா மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளை மற்ற வகுப்புகளிலிருந்தும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். பென்சிலால் மேசையில் தாளம் தட்டியே படிக்க வைத்துவிடுவாள். பதவி உயர்வுக்கு அதெல்லாம் செல்லாது. தேர்வுக்குழு வரும் நாளில், அவர்கள் கண்முன்னே பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அந்த நாளில்தான் அவளை அடுப்படிக்கு அனுப்புவார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடாமல் விட முடியுமா?

இந்த ஆண்டு முதல்வர் அர்செனியாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். "மேடம், அடுத்த வருஷம் நான் ரிட்டயர். இதுதான் கடைசித் தடவை. என்னையும் உள்ள கூப்பிடுவீங்கல்ல?"

"ஐயோ நெனித்தா, உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்? நீ உள்ள போயிட்டா சமையல யாரு பாப்பா?"

"லூர்தெஸ் பாக்கட்டும். அவதான் பெரிய பதவியில இருக்கா."

"அவ சமைச்சா அந்தக் குழு இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காது!"

முதல்வர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின்னும் பழக்கதோஷத்தில் அந்த ஆசிரியர் அறைக்குப் போய் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது. இப்படிப் புகழ்ந்து புகழ்ந்தே ஒருத்தியை அடுப்போடு கட்டிப்போடலாம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ருசியாகச் சமைப்பது அவ்வளவு பெரிய குற்றமா?

குழு வந்த அன்று நெனித்தா பஞ்சித் பாதி வெந்திருக்கும்போதே அடுப்பை அணைத்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. பாட அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு போய், குழு இருந்த அறைக்கதவை முழங்கையால் தள்ளித் திறந்தாள். பார்க்க வேண்டுமே! குழுவினர் அத்தனை பேரும் நாற்காலிகள் பின்னால் சரிய எழுந்து நின்றார்கள்...

நான் இந்த இடத்தை எழுதும்போது, எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்த நெனித்தா எட்டிப் பார்த்தாள்.

"யாரும் எழுந்திருக்கலக்கா," என்றாள். "தட்டத்தான் நீட்டினாங்க."