அவளுடைய பிள்ளை நடந்தான், என்னுடையவள் நடக்கவில்லை

முருகன் அடியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மலரின் மகன் முதன்முதலாகத் தனியே நடந்த அன்று நான் வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. தோட்டத்தால் வந்த என் கணவர், "ஏன் முகம் ஒருமாதிரி இருக்கு?" என்று கேட்டார். தலையிடி என்றேன். தலையிடி இல்லை. அந்தப் பிள்ளை ஆறு அடி நடந்ததை என்னால் தாங்க முடியவில்லை. அதுதான் உண்மை.

நோய் மாறியதையும், தொலைந்த பிள்ளை திரும்பி வந்ததையும் நம் கோயிலில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் சொல்லப்போவது அப்படி நிமிர்ந்து நின்று சொல்லக்கூடிய கதை இல்லை. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன். ஆனால் முருகன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

என் பெயர் சுகந்தி. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வெங்காயத் தோட்டம். ஒரே மகள் அபிநயா. இப்போது வயது பத்து. பிறக்கும்போது மூச்சுத் திணறிவிட்டாள். அதனால் கை கால்கள் இறுகிப்போய்விட்டன. நிற்க மாட்டாள். நடக்க மாட்டாள். பேச்சும் வராது. ஆனால் எல்லாம் விளங்கும். சந்தோஷம் வந்தால் "ஆஅ" என்று ஒரு சத்தம் போடுவாள். பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிவிடுவாள். பத்து வருடமாக எங்கள் வீட்டில் அதுதான் கதை பேச்சு.

ஐந்து வயதுவரை அவளை வெளியே கொண்டுபோகாமலே வளர்த்தேன். பிறகு கொக்குவிலில் இப்படியான பிள்ளைகளுக்கு ஒரு பகல் பள்ளி இருப்பதாகக் கேள்விப்பட்டோம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக நடத்துவது. மதில் கட்டிய ஒரு பழைய கல்வீடு. காலையில் வான் வந்து ஏற்றும். பாடம், உடற்பயிற்சி, மத்தியானச் சாப்பாடு எல்லாம் அங்கேயே. தாய்மாரும் கூடப் போய்ப் பயிற்சிகளைப் பழக வேண்டும். எங்களிடம் அவர்கள் கேட்பது அது ஒன்றைத்தான்.

போன முதல் நாளே பயிற்சி தரும் ரீச்சரிடம், "என்ரை பிள்ளை நடப்பாளோ?" என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. "இருக்கப் பழக்குவம் அம்மா. பிறகு பாப்பம்" என்றார். நான் அதை முருகனிடம் கொண்டுபோனேன். ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் பிடித்தேன். கேட்டது ஒன்றே ஒன்று. அவள் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் மலர் வந்தாள். வடக்குக் கடற்கரைப் பக்கம். கணவன் கடலுக்குப் போகிறவர். மகன் துவாரகனுக்கு அப்போது ஐந்து வயது. அவனுக்குக் கால்கள் மட்டும்தான் இறுக்கம். பேசுவான், சிரிப்பான், எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். வானில் எங்களுக்குப் பக்கத்து இருக்கைதான் அவனுடையது. வந்த நாளிலிருந்து அபிநயாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லுவான். அவள் "ஆஅ" என்பாள். மலரும் என்னை அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். எனக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. அவன் நிற்கத் தொடங்கும்வரை.

முதலில் பயிற்சிக் கம்பிச் சட்டத்தைப் பிடித்து நின்றான். பிறகு மலரின் ஒரு விரலைப் பிடித்து நடந்தான். கடந்த சித்திரையில் அந்த விரலையும் விட்டுவிட்டான். ரீச்சர்மார் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை தட்டியது, வயிறு எரிந்தது.

என் எரிச்சலுக்கு நான் நியாயமும் வைத்திருந்தேன். அவளுக்கு மூன்று வருடம் முன்னரே வந்தவள் நான். மலர் சஷ்டிக்கு ஒரு நாள்கூடப் பட்டினி இருந்ததில்லை. கேட்டால், "எனக்குப் பசி தாங்கேலாது அக்கா" என்று சிரிப்பாள். அப்படிப்பட்டவளுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு ஏன் இல்லை? கோயிலுக்குப் போனால் அபிநயாவை நினைக்க முடியவில்லை. துவாரகனின் கால்கள்தான் கண்ணுக்கு முன்னே வந்தன. அவன் சப்பாத்துப் போட்டு வந்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகளின் சப்பாத்து நாலு வருடமாகியும் அடி தேயாமல் புதிதாகக் கிடந்தது.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மலரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, இவனை ஒருக்கால் பாத்துக்கொள்ளுங்கோ. கையெழுத்து வைச்சிட்டு ஓடி வாறன்" என்றாள்.

"ஓம், போட்டு வாரும்" என்றேன்.

துவாரகன் விறாந்தையில் நடந்து காட்டிக்கொண்டிருந்தான். அபிநயா தன் சில்லுக் கதிரையில் இருந்து அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். விறாந்தையின் அந்த முனையை யாரோ கழுவிவிட்டுத் துடைக்காமல் போயிருந்தார்கள். தண்ணீர் தேங்கி நின்றது. நான் அதைக் கண்டேன். அவன் அதை நோக்கிப் போவதையும் கண்டேன். இரண்டு எட்டு வைத்தால் பிடித்திருக்கலாம். "நில்லடா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

நான் சொல்லவில்லை.

விழுந்தான். வாய்க்குக் கீழே நாடி கிழிந்தது. முன்பல் உடைந்தது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் என் கால் அசைந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். மலர் பதறி வந்து என் கைலேஞ்சியை வாங்கி அவன் நாடியில் அழுத்தினாள். லேஞ்சி சிவந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக் கும்பிட்டாள்.

"நல்லகாலம், நீங்கள் பக்கத்திலை நிண்டியள் அக்கா."

அடியவர்களே, அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

காயம் ஆறியது. ஆனால் துவாரகன் பிறகு எழும்பவில்லை. காலை நிலத்தில் வைத்தாலே கத்தினான். இரண்டு கிழமை பார்த்துவிட்டு மலர் வருவதை நிறுத்திவிட்டாள். "பயம் தெளியட்டும், பிறகு பாப்பம்" என்று சொல்லி அனுப்பினாளாம். வானில் அந்த இருக்கை காலியாக வந்தது. எழுதக் கை கூசுகிறது, முதல் இரண்டு நாள் எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் அபிநயா என் கையால் சாப்பிட மறுத்தாள்.

கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினாள். தகப்பன் ஊட்டினால் நாலு வாய் வாங்கினாள். ரீச்சர் ஊட்டினால் கொஞ்சம் வாங்கினாள். என்னிடம் ஒரு வாய்கூட இல்லை. காலையில் வானில் ஏற்றும்போது அந்த இருக்கையைப் பார்த்து அழுதாள். பிறகு யார் ஊட்டினாலும் சாப்பாடு குறைந்துகொண்டே போனது. கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை என்றார் டொக்டர். இப்படியே போனால் மூக்கால் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றார்.

மற்றவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அன்று விறாந்தையில் அவளுடைய கதிரை என்னைப் பார்த்தபடிதான் இருந்தது. நான் தண்ணீரைப் பார்த்ததை அவள் பார்த்திருந்தாள்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானப் பூசைக்குத் தனியே போனேன். வழக்கம்போல "முருகா, என்ரை பிள்ளையை" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. மணி அடிக்கிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற துணிவில் வாய்விட்டே சொன்னேன். "முருகா, நான் தண்ணியைக் கண்டனான். கண்டிட்டுத்தான் பேசாமல் நிண்டனான்."

சொன்னதும் அழுகை வந்தது. பிறகு, "அந்தப் பிள்ளையை நடக்க வை" என்றேன். "என்ரை பிள்ளை நடக்காட்டிலும் அவன் நடக்கட்டும்" என்று சொல்ல வேண்டும் என்று மனம் சொன்னது. அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்குப் பூசை முழுவதும் எடுத்தது. தீபம் காட்டி முடிந்து ஐயர் விபூதி கொண்டு வருகிறார், அப்போதுதான் சொன்னேன்.

காட்சி ஒன்றும் கிடைக்கவில்லை. அசரீரியும் கேட்கவில்லை. மலரிடம் போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றடிக்குப் போய் மண் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"நாளைக்கு வெங்காயம் கிண்ட ஆள் சொல்லிக் கிடக்கு. அது கிடக்கட்டும். காலமை ஓட்டோவிலை போவம். பிள்ளையையும் கொண்டு போவம்."

மலரின் வீட்டு முற்றத்தில் மீன் காயப்போடச் சீமெந்து இழுத்திருந்தார்கள். அபிநயாவை அங்கே கதிரையோடு நிழலில் விட்டோம். மலர் எங்களைக் கண்டு ஓடி வந்தாள். "வாங்கோ அக்கா, வாங்கோ அண்ணை. பிள்ளை ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாள்?"

நான் இருக்கவில்லை. நின்றபடியே, "மலர், உம்மட்டை ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கி, அன்று நடந்ததைச் சொன்னேன்.

"தண்ணியைக் கண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"கண்டிட்டும் அவனை மறிக்கேல்லையோ?"

"ஓம். மறிக்கேல்லை."

"ஏன் அக்கா?"

"உம்மடை பிள்ளை நடக்கிறான். என்ரை பிள்ளை நடக்கேல்லை. வேறை ஒண்டுமில்லை."

அவளுடைய முகம் வெளிறிவிட்டது. "நான் உங்கடை கையைப் பிடிச்சுக் கும்பிட்டனான்" என்றாள். "உந்தக் கையை. போங்கோ அக்கா. நான் ஏதும் பேச முதல் போங்கோ."

சரி என்று திரும்பினேன். அந்த நேரத்தில் முற்றத்தில் "ஆஅ" என்று ஒரு சத்தம் கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட சத்தம்.

துவாரகன் வாசற்படியால் இருந்தபடி இறங்கி, கையை ஊன்றி அரைந்து அரைந்து அவளிடம் போயிருந்தான். கதிரையின் சில்லைப் பிடித்தான். பிறகு கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்தான். பின்பக்கமாகச் சுற்றிப் போய்த் தள்ளுகிற பிடியைப் பிடித்து எழும்பி நின்றான். கால்கள் வெடவெடவென்று நடுங்கின. கதிரை மெல்ல உருண்டது. அவன் ஒரு காலை எடுத்து வைத்தான். கதிரை இன்னும் கொஞ்சம் போனது. அடுத்த காலையும் வைத்தான். அபிநயா தலையைப் பின்னுக்குப் போட்டு முற்றம் அதிரச் சிரித்தாள்.

கதிரை ஓடிவிடும் என்று பயந்து என் கணவர் குனிந்து அதைப் பிடிக்கப் போனார்.

"பிடியாதேங்கோ அண்ணை!" என்று மலர் கத்தினாள். "விடுங்கோ! போகட்டும்!"

முற்றத்தின் மற்றத் தலைப்புவரை அவன் அவளைத் தள்ளிக்கொண்டு போனான். நான் அவனுடைய கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னரும் அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் அன்று என் வயிறு எரியவில்லை. முருகா முருகா என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

மலர் அன்று என்னை மன்னிக்கவில்லை. ஆனால் உள்ளே போய் ஒரு கோப்பையில் வாழைப்பழம் மசித்துக்கொண்டு வந்தாள். அபிநயாவுக்கு நாலு கரண்டி கொடுத்தாள். அவள் வாங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்கள் குடுத்துப் பாருங்கோ."

கரண்டியைக் கொண்டுபோனேன். என் மகள் என்னைக் கன நேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை மலரும் துவாரகனும் வானில் வந்தார்கள். துவாரகன் தன் பழைய இருக்கையில் இருந்தான். மலர் முன்னுக்குப் போய் இருந்தாள். இரண்டு மாதம் அப்படித்தான். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். பயிற்சி ரீச்சர் அபிநயாவின் கதிரையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு மண்பையைக் கட்டிப் பாரம் ஏற்றிவிட்டார். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குத் துவாரகன் அவளை விறாந்தை முழுதும் தள்ளிக்கொண்டு திரிவான். ஆவணி முடிய முன்னரே பிடியை விட்டுவிட்டான்.

ஐப்பசியில், சஷ்டி தொடங்க முதல் நாள், வானில் துணிந்து அவளிடம் கேட்டேன். "மலர், துவாரகன்ரை நட்சத்திரம் என்ன?"

"ஏன்?" என்றாள். அந்தக் கேள்வியில் பயம் இருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது.

"அர்ச்சனை செய்விக்க."

அவள் வெளியே பார்க்கத் திரும்பிவிட்டாள். வான் கொக்குவில் வந்து நின்றது. இறங்கும்போது, "பூரட்டாதி" என்றாள். இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி நின்றாள். "ஆறு நாளும் தண்ணியோடை கிடக்காதேங்கோ அக்கா. பிள்ளையைத் தூக்க உங்களிலை பெலன் வேணும்."

அந்த ஆறு நாளும் முதல் அர்ச்சனை துவாரகன் பெயருக்கு. அடுத்தது அபிநயா பெயருக்கு.

அபிநயா இன்றைக்கும் நடக்கவில்லை. இனி நடப்பாளோ தெரியாது. ஆனால் கழுத்தெலும்பு மறைந்துவிட்டது. நிமிர்ந்து இருக்கிறாள். என் கையால் சாப்பிடுகிறாள். நான் ஐந்து வருடம் கேட்ட வரத்தை முருகன் தரவில்லை. நான் கேட்கத் தெரியாமல் நின்ற ஒன்றைத் தந்திருக்கிறான்.

என் எரிச்சல் செத்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சென்ற கிழமை பள்ளிக்கு ஒரு புதுப்பிள்ளை வந்தது. வந்து நாலாம் நாளே தாயைப் பார்த்து "அம்மா" என்றது. பத்து வருடமாக அந்தச் சொல்லுக்குக் காத்திருக்கிறவள் நான். வயிற்றில் பழைய நெருப்பு மூண்டது. உடனே எழும்பிப் போய் அந்தத் தாயிடம் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

உங்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை சோதனை பாஸ் பண்ணியிருக்கும், வெளிநாடு போயிருக்கும், நல்ல இடத்தில் கலியாணம் முடித்திருக்கும். உங்களுக்கு உறுத்தும். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையின் பெயரை ஐயரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் தரம் வாய் வராது. எனக்கும் வரவில்லை. வரும்வரைக்கும் முருகன் காத்துக்கொண்டு நிற்பான்.