பாதாளத்துக்கு நைனா சொன்ன கதை

சின்ன வயதில் நான் ஆடிய கையடக்க வீடியோ கேம் ஒன்றைப் புதுப்பித்து விட்டிருக்கிறார்கள். பாதாளத்தில் தளம் தளமாக இறங்கி, பூதங்களை அடித்து, நம் ஆட்களை வளர்த்துக்கொண்டே போகும் ஆட்டம். இந்தத் தடவை புதிதாகக் கதையும் வைத்திருக்கிறார்களாம். ஒரு இளவரசி, ஒரு சாபம், கண்ணீர் வேறு. நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் என்னால் கொஞ்ச நேரத்துக்கு மேல் ஆட முடியவில்லை. அந்த ஆட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு கதை உண்டு. அதைச் சொன்ன எங்கள் நைனா, அதாவது என் அப்பா, இப்போது இல்லை.

அப்போது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் குடியிருந்தோம். நைனாவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒருநாள் கம்பெனிக்காரன் கேட்டைப் பூட்டிவிட்டான். நைனா வீட்டோடு இருந்தார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்; எனக்கோ ஒரே கொண்டாட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், சித்தப்பா வாங்கிக்கொடுத்த அந்தக் கேமுக்குச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு நைனா எனக்காகக் காத்திருப்பார்.

பழைய ஆட்டத்தில் கதையே கிடையாது. நான்கு பேரைச் சேர்த்து, நாமே பெயர் வைத்து, கீழே அனுப்ப வேண்டியதுதான். நைனா தன் ஷிப்ட் ஆட்களின் பெயரையே வைக்கச் சொன்னார்.

"இவங்க இன்னாத்துக்கு நைனா கீழ போறாங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "அடியில ஒருத்தன் கேட்டப் பூட்டி சாவிய வெச்சிக்கினு கீறான். அத்த வாங்கியாரப் போறாங்க."

அப்புறம் இறங்க இறங்கக் கதை வளர்ந்தது. ஒருவனுக்குத் தங்கச்சி கல்யாணம் நிற்கிறது, ஒருவன் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி. சாவி கிடைத்தால்தான் எல்லாம் நடக்கும்.

எவனாவது அடிபட்டு விழுந்துவிட்டால் போதும், புதையல் கண்ணெதிரே இருந்தாலும் நைனா அவனைத் தூக்கிக்கொண்டு மேலே திரும்பிவிடுவார். "நாலு பேரு எறங்குனா நாலு பேரு ஏறணும்டீ. உட்டுட்டு வந்தா அவன் ஊட்ல இன்னான்னு சொல்றது?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சரியான பேஜாரு நைனா நீ!" என்று கத்துவேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை ஒரே ஒரு தடவை கேட்க மாட்டோமா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடித்தளத்துப் பூதம் விழுந்தது. நான் எழுந்து குதித்தேன். திரையில் எழுத்துகள் மேலே ஓடின, ஏதோ இசை வந்தது, மறுபடி முதல் பக்கத்துக்கே போய்விட்டது. நைனா பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"அவ்ளோ தானா? கேட்டு தொறக்கலியேடீ?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்ய நைனா, அது நீயா சொன்ன கதை! கேம்ல ஏது கேட்டு?"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நைனா கேமை என் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாளிலிருந்து எளாவூருக்கு லாரியில் லோடு ஏற்றப் போனார். பொழுது சாய வந்து, தோளுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லிவிட்டு அப்படியே குப்புறப் படுத்துவிடுவார். "வா நைனா, மொதல்லேர்ந்து ஆடலாம்" என்று கெஞ்சுவேன். "நீ ஆடு கண்ணு" என்பார், கண்ணைத் திறக்காமலே. ஜெயித்துவிட்டோம் அல்லவா, அதனால்தான் அவருக்கு ஆட்டம் சலித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, அந்தத் தோளை நன்றாக அழுத்தித் தேய்த்தேன்.