பதில் சொல்லாத வட்டம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அருமனையில் ரப்பர் வெட்டினேன், கொல்லத்தில் கொத்தனுக்குக் கையாளாக நின்றேன், சூரத்தில் பேக்கரியில் மாவு பிசைந்தேன். ஊர் திரும்பும்போதெல்லாம் எனக்கு ஒரு நாற்காலி போட்டது பாதிரியார்களும் பொதுமக்களும் சேர்ந்த எங்கள் ஆன்மிகச் சங்கம் மட்டும்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம், தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவோம். சாமியாருக்கும் அதே பிளாஸ்டிக் நாற்காலிதான்.

சிறிய மரச்சிலுவை ஒன்று கைமாறி வரும். அதை வைத்திருப்பவர் அந்த மாதம் தான் செய்த தவறைச் சொல்வார். யாரும் பதில் பேசக் கூடாது. கேட்டதை வெளியே எடுக்கவும் கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது. போன இடமெல்லாம் புத்தி சொன்னவர்கள்தான் அதிகம்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வயதான பங்குச்சாமியார் கைக்குச் சிலுவை வந்தது.

“பைக் ஓட்டும்போ ரெண்டு தடவ கண்ணு இருட்டிப்போச்சு. ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. மேல பிஷப்புக்குத் தெரிஞ்சா முதியோர் இல்லத்துல கொண்டு இருத்திருவாங்க. அதனால மறைக்கேன்.”

நாங்கள் தரையைப் பார்த்தோம். சிலுவை அடுத்த கைக்குப் போனது.

கூட்டம் முடிந்ததும், மலையோரக் கிளைக் கோயிலில் பூசை வைக்க அவர் வண்டியை எடுத்தார்.

“ஏலே, அடுத்த மாசம் இருப்பியா? இல்ல, ரயிலு ஏறிருவியா?”

“இருப்பேன் ஃபாதர்.”

“நீ சொன்னா ரயிலுகூட நம்பாது.”

சாவியைக் கேட்க வாயெடுத்தேன். கேட்டால் உள்ளே சொன்னதை வெளியே எடுத்ததாகும்.

“பைய போங்க ஃபாதர்” என்று மட்டும் சொன்னேன்.

“பைய போனா பூசைக்கு வந்தவங்க வீட்டுக்குப் போயிருவாங்க மக்கா.”

ரப்பர் தோட்டத்து வளைவில் அவர் வண்டி திரும்பவே இல்லை. நேராகப் போய் மைல்கல்லில் மோதியிருந்தது. மழையில் வழுக்கிவிட்டது என்று ஊர் பேசியது. அடக்கத்தன்று சங்கத்தில் மிச்சமிருந்த பதினொரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இருப்பேன் என்று சொல்லியிருந்ததால் அடுத்த மாதம் போனேன். நாற்காலிகள் பதினொன்றுதான் கிடந்தன. சிலுவை என்னிடம் வந்தது.

“எனக்கு பைக் ஓட்டத் தெரியும். நான் சாவியக் கேக்கல.”

ஒருவராவது திட்டுவார் என்று காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த தையல்காரர் கையை நீட்டினார். சிலுவையைக் கொடுத்தேன்.